பெட்டி பெஷாவரில், எலும்பு மாந்தலேயில்: காந்தாரச் சிற்பத்தை வாசிப்பது பற்றி

1

காந்தாரச் சிற்பம் பற்றி நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் கற்றுத் தந்தது ஒரே ஒரு சூத்திரம்தான்: வடிவம் கிரேக்கம், உள்ளடக்கம் இந்தியம். பரீட்சையில் இரண்டு மார்க். தடித்தடியான கலை வரலாற்று நூல்களைப் புரட்டினாலும் பெரும்பாலும் இந்த இரண்டு மார்க் விடைதான் விரிந்து கிடக்கிறது. அலையலையான தலைமுடி, நேரான மூக்கு, தோளிலிருந்து கனமாக விழும் அங்கியின் மடிப்புகள் எல்லாம் கிரேக்கக் கணக்கில் வரவு. தொங்கும் காது, புருவ மத்தியின் ஊர்ணை, பாதி மூடிய கண், கை முத்திரை எல்லாம் இந்தியக் கணக்கில் வரவு. கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் கல்லு எங்க போச்சு? அது கிடந்த மண், அதைச் செதுக்கிய கை, அதற்குக் காசு கொடுத்த குடும்பம், அதைச் சுற்றி வந்த கால், இவற்றுக்கெல்லாம் இந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி கூட ஒதுக்கப்படவில்லை.

சூத்திரம்தானே, போகட்டும் என்று விட்டுவிட முடியாது. அது கடப்பாரையாகவும் வேலை செய்திருக்கிறது. 1908-09இல் பெஷாவர் நகருக்கு வெளியே ஷாஜி-கி-டேரி என்ற மேட்டில் ஸ்பூனர் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அகழ்வு நடத்தினார். கனிஷ்கன் எழுப்பியதாகச் சீன யாத்ரிகர்கள் வியந்து எழுதிவைத்த மாபெரும் ஸ்தூபியின் அடித்தளம் அங்கே வெளிப்பட்டது. உள்ளே முலாம் பூசிய ஒரு செப்புப் பேழை. மூடியின் மேல் அமர்ந்த புத்தர், இரண்டு பக்கமும் வணங்கி நிற்கும் பிரம்மாவும் இந்திரனும். உடலைச் சுற்றி நீண்ட மாலையைத் தோளில் தாங்கிவரும் குழந்தைகள். ரோமானியக் கல்லறைப் பெட்டிகளில் காணப்படுவது போன்ற மாலை, அது போன்ற குழந்தைகள். நடுவே குஷாண உடையில் ஓர் அரசன். பேழைக்குள் சில எலும்புத் துண்டுகள்.

அதன் பிறகு நடந்தது பாகப்பிரிவினை. 1910இல் எலும்புகள் பர்மாவுக்கு, மாந்தலேக்கு அனுப்பப்பட்டன. பேழை பெஷாவர் அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டது. எலும்பு வழிபடுகிறவர்களிடம் போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. எது கலை, எது மதம், எதை யார் வைத்துக்கொள்வது என்பதை ஒரு காலனிய நிர்வாகம் எவ்வளவு சுளுவாக முடிவு செய்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பேழை செய்யப்பட்டது எலும்புக்காக. எலும்பு இல்லாத பேழை 'கிரேக்கச் செல்வாக்கு' பற்றிய ஒரு சான்றாக மாறிப்போகிறது. வடிவம் வேறு உள்ளடக்கம் வேறு என்ற சூத்திரம் இங்கே ஒரு நிர்வாக உத்தரவாகவே நிறைவேற்றப்பட்டுவிட்டது.

2

'கிரேக்க-பௌத்தக் கலை' என்ற பெயரை 1870களில் பரப்பியவர் லாகூரில் கல்லூரி முதல்வராக இருந்த லைட்னர். பஞ்சாபை ஆங்கிலேயர் பிடித்து இருபது சொச்சம் ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அலெக்ஸாண்டர் வந்துபோன மண்ணில் தாங்களும் கால் வைத்திருக்கிறோம் என்ற கிளர்ச்சி ராணுவ அதிகாரிகளுக்கு இருந்தது. எல்லைப்புறக் குன்றுகளில் கிடைத்த கருஞ்சாம்பல் கல் முகங்களில் அவர்கள் தங்கள் மூதாதையைக் கண்டுகொண்டார்கள். சாஞ்சியும் பர்ஹுத்தும் அந்நியமாகப் பட்ட அவர்களது கண்ணுக்கு இங்கே மட்டும் ஏதோ வீட்டு ஞாபகம். இந்தியக் கலையில் உருப்படியானது எதுவோ அது வெளியிலிருந்து வந்தது என்ற சொல்லாடல் இப்படித்தான் கட்டப்பட்டது.

கிப்ளிங்கின் 'கிம்' நாவல் (1901) லாகூரில்தான் தொடங்குகிறது. திபெத்திலிருந்து வரும் கிழட்டு லாமா லாகூர் மியூசியத்துக்குள் நுழைகிறார். காந்தாரச் சிற்பங்களைக் கண்டு பரவசமடைகிறார், ஒவ்வொன்றிலும் உள்ள கதையை அடையாளம் கண்டு சொல்கிறார். வெள்ளைக்காரக் காப்பாட்சியரோ அவருக்கு ஐரோப்பிய அறிஞர்களின் நூல்களையும் புகைப்படங்களையும் காட்டுகிறார். கடைசியில் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி லாமாவுக்குக் கொடுக்கிறார். லாமா பதிலுக்குத் தன் பேனாக்கூட்டைக் கொடுக்கிறார். அந்தக் காப்பாட்சியர் பாத்திரம் கிப்ளிங்கின் தகப்பனார் லாக்வுட் கிப்ளிங்கை வைத்து எழுதப்பட்டது. அவர் நிஜமாகவே அந்த மியூசியத்தின் பொறுப்பில் இருந்தவர். அன்பான காட்சிதான். ஆனாலும் பண்டமாற்றைப் பாருங்கள்: பார்க்கும் கருவி இங்கிருந்து அங்கே போகிறது, எழுதும் கருவி அங்கிருந்து இங்கே வந்துவிடுகிறது. அப்புறம் எழுதினதெல்லாம் யாரு? நாம் இன்னும் மூக்கில் மாட்டிக்கொண்டிருப்பது அந்தக் கண்ணாடிதான்.

3

இந்தக் கண்ணாடியைக் கழற்றி எறிந்தவராக ஆனந்த குமாரசாமியைச் சொல்வது வழக்கம். கொழும்பில் 1877இல் தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே புத்தர் உருவத்தின் பிறப்பிடம் கிரேக்கம்தான் என்று 1913இல் வெளியான தன் உரையில் அடித்துச் சொன்னார். கிரேக்கச் சிற்பியின் கையில் அப்போலோ துறவியின் அங்கியைப் போர்த்திக்கொண்டு புத்தராகிவிட்டான் என்பது அந்த வாதத்தின் சாரம். 1927இல் குமாரசாமி எதிர் வழக்கு வைத்தார். புத்தர் உருவத்துக்குத் தேவையான அத்தனையும் மதுராவின் யக்ஷ உருவங்களில் ஏற்கெனவே இருந்தது, காந்தாரத்துக்கு இந்தியா கடன்பட்டிருக்கவில்லை என்றார். அவருக்கு முன்பே 1908இல் ஹாவெல் காந்தாரச் சிற்பத்தை உயிரற்றது, ஆன்மிகமற்றது என்று ஒதுக்கியிருந்தார்.

குமாரசாமியின் தலையீடு அந்தக் காலத்துக்கு அவசியமானது, அதை மறுப்பதற்கில்லை. மதுராவும் காந்தாரமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் புத்தர் உருவத்தைச் செய்யத் தொடங்கின என்று இன்று பலரும் ஏற்றுக்கொள்வதற்கு வழி திறந்ததும் அதுதான். ஆனால் இரண்டு தரப்பும் எந்தத் தரையில் நின்று மல்லுக்கட்டின? 'தகப்பன் யார்?' என்பதுதான் இருவருக்கும் கேள்வி. ஒருவர் கிரேக்கத் தகப்பன் என்றார், மற்றவர் உள்ளூர்த் தகப்பன் என்றார். தகப்பன் பெயர் தெரியாவிட்டால் பிள்ளைக்கு மதிப்பில்லை என்ற சாதிய, இனவியல் தர்க்கத்தை இருவருமே கேள்வி கேட்கவில்லை. விளைவு என்ன? ஐரோப்பியச் செவ்வியல்வாதிக்குக் காந்தாரம் ஊர்விட்டு ஊர்வந்து கெட்டுப்போன கிரேக்கம். தேசியவாதிக்கோ அது சோரம் போன இந்தியம். இரண்டு வீட்டு வாசலிலும் அதற்கு இடம் கிடையாது.

இப்போது மூன்றாவதாக ஒரு குரல் கேட்கிறது. 1990களில் ஹோமி பாபாவைப் படித்த பிறகு 'கலப்பு' என்பது வசைச்சொல்லாக இல்லாமல் பாராட்டாக மாறிவிட்டது. கண்காட்சி வாசகங்களில் காந்தாரம் இன்று பண்பாடுகளின் சந்திப்பு, உரையாடல், சங்கமம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கலப்பு என்று சொல்லும்போதே கலப்பதற்கு முன் கலப்படமில்லாத இரண்டு சரக்குகள் தனித்தனியாக இருந்ததாக ஒப்புக்கொண்டுவிடுகிறோம். தூய கிரேக்கம் ஒரு பானையில், தூய இந்தியம் இன்னொரு பானையில். பாபாவே இதைச் சொல்லவில்லை என்றாலும், அவர் பெயரால் எழுதப்படும் வாசகங்கள் இதைத்தான் சொல்கின்றன.

4

பானைகள் இருந்தனவா என்று பார்ப்போம். அலெக்ஸாண்டர் சிந்து வெளிக்கு வந்தது கி.மு. 327-325இல். ஆமூ தர்யா ஆற்றங்கரையில் கிரேக்கர்கள் வாழ்ந்த அய் கானூம் நகரம் கி.மு. 145 வாக்கில் அழிந்தது. அரங்கம், உடற்பயிற்சிக்கூடம், டெல்ஃபியின் நீதிமொழிகள் பொறித்த கல் எல்லாம் அங்கே உண்டு. பாரசீகச் சாயலில் கட்டிய அரண்மனையும் உண்டு. 1960களிலும் 70களிலும் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தோண்டி எடுத்தார்கள். காந்தாரத்தில் புத்தர் உருவம் செதுக்கப்படுவதோ கி.பி. முதல் நூற்றாண்டில். நடுவில் சகர், பார்த்தியர், குஷாணர் என்று ஆட்சிகள் மாறி, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்த இடைவெளியை நிரப்ப முடியாமல்தான் புக்தாலும் வீலரும் 1940களில் கிரேக்கம் இல்லை, கடல்வழியே வந்த ரோமானியம் என்று வழக்கை மாற்றிப் பார்த்தார்கள். தகப்பனை மாற்றினார்களே தவிரக் கேள்வியை மாற்றவில்லை.

கிரேக்கச் சிற்பி ஒருவர் பெயரோடு கிடைத்துவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் அல்லவா? கிடைக்கத்தான் செய்தார். முன்னே சொன்ன அந்தப் பேழையின் மேல் கரோஷ்டி எழுத்தில் புள்ளி புள்ளியாகக் குத்திய வாசகம் ஒன்று உண்டு. அதை முதலில் படித்தவர்கள் 'அகிசல' என்ற சொல்லைக் கண்டதும் துள்ளிக் குதித்தார்கள். அது அகெஸிலாஸ் என்ற கிரேக்கப் பெயரின் திரிபு, கனிஷ்கனின் விகாரையில் கட்டுமானப் பொறுப்பில் இருந்த கிரேக்கன் அவன் என்று முடிவு கட்டினார்கள். பல புத்தகங்களில் அந்த மனிதன் அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு உலவினான். பேழையைச் சுத்தம் செய்த பிறகு 1964இல் பி.என். முகர்ஜி மறுவாசிப்பு செய்தார். 2002இல் ஹாரி ஃபால்க் இன்னும் துல்லியமாகப் படித்தார். 'அகிசல' ஆள் பெயரே இல்லை. அது 'அக்னிசாலை', மடத்தில் நெருப்பு மூட்டும் கூடம். அந்தக் கூடத்தின் கட்டுமானப் பொறுப்பாளர்களான மகாசேனன், சங்கரக்ஷிதன் என்ற இருவரின் தர்மக் கொடை இந்த வாசனைப் பேழை என்பதே வாசகம்.

அதாவது, ஒரு மடத்தின் அடுப்புக்கூடத்திலிருந்து ஒரு கிரேக்கக் கலைஞனைப் பெற்றெடுத்திருக்கிறார்கள்! இதைச் சிரித்துவிட்டு மறந்துவிட முடியாது. மகாசேனனும் சங்கரக்ஷிதனும் அந்த வாசகத்தில் ஆதியிலிருந்தே இருந்தார்கள். பெயர் சொல்லி, வேலை சொல்லி, ஊர் சொல்லி நின்றார்கள். ஆனால் பிரதிக்குள் ஒரு கிரேக்கன் தேவைப்பட்டதால் அவர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள். இல்லாத ஒருவனைப் பார்ப்பதற்காக இருந்த இருவரைப் பார்க்காமல் விடுவது என்பது இதுதான். அதிகாரம் வாசிப்பைத் தீர்மானிப்பதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம் நிஜமான கிரேக்கப் பெயர் ஒன்று ஸ்வாட் பள்ளத்தாக்கில் கிடைத்த சாம்பல் கலயத்தில் இருக்கிறது. தியோடரோஸ், பதவி மெரிதார்க். ஒரு வட்டாரத்தின் அதிகாரி. பெயர் கிரேக்கம், பதவி கிரேக்கம், மொழி காந்தாரி, எழுத்து கரோஷ்டி. செய்த காரியம்? சாக்கிய முனியின் எலும்புகளைப் பலருடைய நன்மைக்காக நிறுவியது. புத்தர் உருவம் பரவுவதற்கு முந்தைய காலத்தவர். அவர் தன்னை யாரென்று நினைத்திருப்பார், கிரேக்கரென்றா, பௌத்தரென்றா, ஊர்ப் பெரிய மனுஷனென்றா? நம் கேள்விதான் அபத்தம். அவருக்கு அந்த மூன்றும் ஒரே உடம்பு. நாம் தேடிய சிற்பியாக இல்லாததால் கலை வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் ஓர் ஓரம்தான்.

5

அப்படியென்றால் சிற்பத்தில் தெரியும் கிரேக்கம் பொய்யா? இல்லை. அது கண் முன்னால் இருக்கிறது. அதற்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பதே என் கேள்வி.

குஷாணர்களிடமிருந்தே ஒரு வழி கிடைக்கிறது. 1993இல் ஆப்கானிஸ்தானத்தின் ரபாதக்கில் கனிஷ்கனின் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. கிரேக்க மொழியில் ஓர் ஆணை பிறப்பித்து அதை ஆரிய மொழியில், அதாவது பாக்திரியத்தில் ஆக்கியதாக அதில் சொல்லப்படுகிறது. கனிஷ்கனின் நாணயங்களிலும் கிரேக்க மொழி போய்ப் பாக்திரியம் வந்துவிடுகிறது. ஆனால் எழுத்து கிரேக்க எழுத்தேதான். சில நாணயங்களில் புத்தர் நிற்கிறார். பக்கத்தில் கிரேக்க எழுத்தில் 'போத்தோ'. எழுத்தைப் பார்த்து இது கிரேக்க மொழி என்று யாரும் சொல்வதில்லை. சிற்பத்துக்கு வரும்போது மட்டும் அங்கி மடிப்பைப் பார்த்ததும் கிரேக்கம் என்கிறோம். எழுத்தை மொழியென்று மயங்குகிறோம்.

வஜ்ரபாணியை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு புடைப்புச் சிற்பத்தில் அவன் சிங்கத்தோலைத் தலையில் போர்த்தியிருக்கிறான்; ஹெராக்ளீஸின் சிங்கத்தோல். கையில் கதைக்குப் பதில் வஜ்ரம். 'செல்வாக்கு' என்று சொன்னால் ஹெராக்ளீஸ் மேலே, காந்தாரம் கீழே. ஆனால் சிற்பத்துக்குள் அவன் எங்கே நிற்கிறான்? பிச்சைப் பாத்திரம் ஏந்திய ஒரு துறவியின் பின்னால், காவலாளியாக. பன்னிரண்டு சாகசங்கள் செய்த வீரனை மெய்க்காப்பாளன் வேலைக்கு வச்சுக்கிட்டாங்க! வானத்தைச் சுமந்த அட்லஸுக்கும் இதே கதிதான். இறக்கையோடு குந்தி உட்கார்ந்து ஸ்தூபியின் அடிப்பகுதியைத் தோள்கொடுத்துத் தாங்குகிறான்.

இதை ஒரு பழிவாங்கலாக, காலனிய எதிர்ப்பாக வாசிக்கவும் ஆசை வரலாம். அதுவும் அவசரம். ஹெராக்ளீஸ் குஜுலா கத்பீசஸின் செப்புக் காசுகளில் இருந்தான், பின்னால் ஹுவிஷ்கனின் காசிலும் இருந்தான். காந்தாரத்துச் சம்சாரிக்கு அவன் அந்நிய தேசத்துக் கடவுளல்ல. மடியில் முடிந்துவைத்த காசில் இருந்தவன், சந்தைக்குப் போய்வந்தவன். பலசாலி என்பதற்கு அந்த வட்டாரத்தில் புழங்கிய ஒரு முகம். சிற்பி எடுத்தது அந்த முகத்தை.

லாகூர் மியூசியத்தில் இருக்கும் சிக்ரி சிற்பத்துக்கு வருவோம். உண்ணாநோன்பிருக்கும் சித்தார்த்தன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அவற்றின் மேல் நரம்புகள் வலைபோல ஓடுகின்றன. கண் குழிக்குள் போய்விட்டது, வயிறு முதுகோடு ஒட்டிக் குழிந்துகிடக்கிறது. பீடத்தில் நெருப்பு மேடையும் அதை வணங்கும் உருவங்களும். உடலை அங்கம் அங்கமாக அறியும் அந்தத் திறமை மத்திய தரைக்கடல் மரபோடு உறவுடையது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த மரபு எந்த உடலைக் கொண்டாட அத்திறமையை வளர்த்ததோ, அந்த உடலையே இங்கே அது கரைத்துக் காட்டுகிறது. தசையைச் செதுக்கத் தெரிந்தவன்தான் தசை இல்லாமற்போவதையும் செதுக்க முடியும். உருவாக்கிய எதுவும் நிலைப்பதில்லை என்ற பௌத்த வாக்கியம் இந்தக் கல்லில் 'உள்ளடக்கமாக' எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. விலா எலும்பின் செதுக்கலே அந்த வாக்கியம். இதில் வடிவத்தை எடுத்து ஏதென்ஸுக்கும் உள்ளடக்கத்தை எடுத்து கயாவுக்கும் அனுப்ப முடியுமா? முயன்றால் கல் இரண்டாக உடையும், அவ்வளவுதான்.

6

உடைக்கத்தான் செய்தார்கள். ஸ்தூபியைச் சுற்றிப் பதித்த பலகைகள் தனித்தனிச் சிற்பங்களாக இருக்கும்படி செய்யப்பட்டவை அல்ல. ஸ்தூபி வலப்பக்கம் இருக்க நடந்துவரும் பக்தனுக்குப் பிறப்பிலிருந்து பரிநிர்வாணம் வரை ஒவ்வொன்றாக விரியும் கதையாடல் அது. காலும் கண்ணும் சேர்ந்து வாசிக்கும் பிரதி. அது வர்ணம் பூசியதாகவும் பொன் தகடு ஒட்டியதாகவும் இருந்தது. இன்று நாம் ரசிக்கும் சாம்பல் நிறம் அது உதிர்ந்துபோனபின் மிஞ்சியது. 1896இல் லோரியான் தாங்கையில் அலெக்ஸாண்டர் கேடி அகழ்ந்தபோது எடுத்த புகைப்படம் ஒன்று பிரசித்தம். புத்தர்களும் போதிசத்துவர்களும் துண்டு துண்டான புடைப்புகளும் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. எது எந்த இடத்தில் இருந்தது, எதற்கு அடுத்து எது என்று அந்தப் படத்திடம் கேட்டால் பதிலில்லை. ஒரு நீண்ட வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கத்தரித்து, அழகான சொற்களை மட்டும் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டியபின், 'இந்தச் சொல் கிரேக்கச் சொல் மாதிரி இருக்கே' என்று வியப்பதுதான் காந்தாரக் கலை வரலாற்றின் பெரும்பகுதி.

பிரித்தல் அதோடு நிற்கவில்லை. 1947க்குப் பின் லாகூர் மியூசியத்தின் சேகரிப்பையே இரு நாடுகளும் நூற்றுக்கு அறுபது, நாற்பது என்று பங்குபோட்டன. இந்தியாவின் பங்காக வந்த 600க்கும் மேற்பட்ட காந்தாரச் சிற்பங்கள் இன்று சண்டிகரில், லெ கார்பூசியே வடிவமைத்த கட்டடத்தில் இருக்கின்றன. ஜலாலாபாத் அருகே ஹட்டாவில் 1920களில் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த சுதைத் தலைகளில் ஒரு பகுதி பாரிசுக்குப் போயிற்று. ஹட்டாவிலேயே தபா ஷோதோரில் இருந்த ஹெராக்ளீஸ் முக வஜ்ரபாணி 1992இல், உள்நாட்டுப் போரில் அழிந்துபோனான்.

2007இல் ஸ்வாட்டின் ஜஹானாபாதில் பாறையில் செதுக்கிய புத்தரின் முகத்தைத் தாலிபான்கள் வெடிவைத்துச் சிதைத்தார்கள். 2020 ஜூலையில் மர்தான் மாவட்டத்தின் தக்த்-பாயில் கட்டுமானத்துக்குத் தோண்டும்போது வெளிப்பட்ட ஒரு புத்தரைத் தொழிலாளர்கள் சம்மட்டியால் உடைத்தார்கள். கைதும் நடந்தது. படம் பார்த்தவர்கள் 'காட்டுமிராண்டிகள்' என்றார்கள். உடைத்ததற்கு நான் சப்பைக்கட்டு கட்டவில்லை; அது உடைப்புதான், இழப்புதான். ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கல்லைப் பற்றி எழுதப்பட்டதில் அந்தத் தொழிலாளிக்கு என்ன உறவு வைத்திருக்கிறோம்? தகப்பன் கிரேக்கன் என்றோம், இந்தியன் என்றோம், ரோமானியன் என்றோம். அந்த மண்ணிலேயே பிறந்து, அதே சாம்பல் கல்லை வெட்டி, அதே பள்ளத்தாக்கில் செத்துப்போன கல்தச்சர்களை எந்தத் தலைப்பிலும் பேசவில்லை. 'உன் பாட்டன் கை பட்டது' என்று ஒருத்தரும் அவனிடம் சொன்னதில்லை. மதவாதி 'இது உன்னுடையதல்ல' என்கிறான். கலை வரலாறும் வேறு பாஷையில் அதையேதான் சொல்லிவந்திருக்கிறது.

ஜஹானாபாதின் முகத்தை 1956 முதல் அப்பள்ளத்தாக்கில் வேலை செய்துவரும் இத்தாலியக் குழு உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து சீரமைத்தது. 2016இல் அந்த வேலை முடிந்தது. சிதைந்த இடங்களை முழுக்கப் பூசி மறைத்துவிடாமல், சிதைவு தெரியும்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு இது ஒரு நல்ல வாசிப்பாகப் படுகிறது. ஆதி முகம், அசல் முகம், தகப்பன் முகம் என்று எதையும் மீட்டுத்தரும் பாவனை அதில் கிடையாது. செதுக்கியவன், கும்பிட்டவன், உடைத்தவன், ஒட்டியவன் என எல்லாருடைய கையும் அந்தப் பாறையில் தெரிகிறது. காந்தாரத்தைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் மூக்கையும் மடிப்பையும் அளப்பதற்கு முன்னால் அந்தக் கைகளை எண்ணட்டும். மகாசேனன், சங்கரக்ஷிதன் என்ற இரண்டு பெயர்களிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்கலாம்.